தீராநோயுற்ற இளங்குழந்தைகளும் உறைவிட இல்லமும்: உடுமலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

குணப்படுத்த இயலாத நோயுடனோ, குணமாகுமா என்று உறுதி கூற இயலாத நோயுடனோ வாழும் இளங்குழந்தையை எங்கே வைத்துப் பராமரிப்பது என்னும் கேள்வி, அந்நோய்க்கு என்ன மருந்து தருவது என்னும் கேள்வியளவுக்கு ஆராயப்பட்டதில்லை. மருத்துவமனை அக்குழந்தையைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் படுக்கையில் வைத்திருப்பதில்லை. வீட்டிலோ, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் இரவுபகலாகக் கவனிப்பதற்குரிய ஆள்பலம் எப்போதும் இருப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது உறைவிட இல்லம். அதாவது நோயுற்ற குழந்தை சில நாட்களோ, சில மாதங்களோ, சில வேளைகளில் வாழ்நாள் முழுவதுமோ தங்கிப் பராமரிக்கப்படும் இடம். இத்தகைய இல்லம் தேவையா, தேவையெனில் எவ்வடிவில், யாருடைய பொறுப்பில் என்பவற்றை உடுமலைப்பேட்டை போன்றதொரு வட்டத் தலைநகரில் நின்று பார்க்கும்போது, பெருநகரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் புலப்படாத சில உண்மைகள் புலப்படுகின்றன.

இங்கே பேசப்படும் குழந்தைகள் ஒரே வகையினர் அல்லர். பிரிட்டனில் 1997-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு இன்றளவும் பல நாடுகளில் பின்பற்றப்படும் பகுப்பு, இவர்களை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கிறது. குணமாகும் வாய்ப்பும் குணமாகாமல் போகும் வாய்ப்பும் கலந்திருக்கும் புற்றுநோய் போன்றவை முதல் தொகுதி. நீண்ட சிகிச்சையால் பல ஆண்டுகள் நன்றாக வாழ முடிந்தாலும் ஆயுள் குறையும் நோய்கள் இரண்டாவது. தொடக்கத்திலிருந்தே குணப்படுத்தும் வழியற்று, மெல்ல மெல்ல முற்றிச் செல்லும் பிறவிக் குறைபாடுகள் மூன்றாவது. நோய் முற்றாவிட்டாலும், கடுமையான மூளை முடக்குவாதத்தைப் போல, ஓயாத தொற்றுகளாலும் விழுங்க முடியாமையாலும் உயிருக்கு ஆபத்து நேரக்கூடியவை நான்காவது. இப்பகுப்பின் பயன் யாதெனில், ‘இறக்கப் போகும் குழந்தைகள்’ என்று ஒரே சொல்லில் இவர்களை அடைத்துவிட முடியாது என்பதை அது தெளிவாக்குகிறது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் நான்கு வயதுக் குழந்தைக்கு இல்லம் தேவைப்படுவது சில மாதங்களுக்கே. தசைச்சிதைவு நோயுள்ள சிறுவனுக்கோ, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, சில நாட்கள் வீதம், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படலாம். நெருங்கிய உறவில் மணமுடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் பரவலாக இருப்பதால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணுவைப் பெறும்போது தோன்றும் நோய்கள், குறிப்பாக மூன்றாம் தொகுதியைச் சேர்ந்தவை, இங்கே புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

2009-இல் கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்த உடுமலை வட்டாரத்தில், குழந்தைகளுக்கான உயர்சிகிச்சை என்றால் குடும்பங்கள் இன்றும் பொள்ளாச்சி வழியாக ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள கோவைக்கே செல்கின்றன. மேற்கே தென்னந்தோப்புகளும், சுற்றிலும் நூற்பாலைகளும் கோழிப்பண்ணைகளும், தெற்கே ஆனைமலைத் தொடரும் கொண்ட இவ்வட்டாரத்தில், நோயுற்ற குழந்தையுள்ள வீட்டின் இடர்ப்பாடு ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆலைத் தொழிலாளியின் வீட்டில் தாய் ஷிப்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தோட்டத்துச் சாளையில் வாழும் குடும்பத்துக்கு அக்கம்பக்கம் என்று கூப்பிடும் தூரத்தில் எவரும் இல்லை. பெரும்பாலும் அம்மிச்சியோ அப்பத்தாவோதான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், அவருக்கோ குழந்தையைத் தூக்கும் வலு குறைந்துவருகிறது. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு போன்ற மலைக் குடியிருப்புகளில் நிலைமை இன்னும் கடினம். நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கிவரும் செய்திகள் அங்கிருந்து அவ்வப்போது வந்துகொண்டே இருக்கின்றன. காய்ச்சல் கண்ட சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டிய குழந்தைக்கு இந்தத் தொலைவே ஒரு நோயாகிவிடுகிறது.

ஆயினும், இல்லம் என்றதும் அதனை நல்லதென்று ஏற்றுக்கொள்ள முடியாதபடி தடுக்கும் ஆராய்ச்சி மரபு ஒன்று உண்டு. அதனைக் கடந்து செல்வது நேர்மையாகாது. ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர், தூய்மையும் உணவும் குறைவின்றி இருந்த ஒரு நிறுவனத்தில் தாயின்றி வளர்ந்த கைக்குழந்தைகள் வளர்ச்சி குன்றியதையும் பலர் இறந்ததையும் 1945-இல் வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி 1951-இல் எழுதிய அறிக்கை, இளம் வயதில் தாயிடமிருந்து பிரிவதன் கேட்டினை விரிவாக எடுத்துரைத்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் எடுத்த ஆவணப்படம், மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை எட்டே நாட்களில் எவ்வாறு ஒடுங்கிப்போகிறது என்பதைக் காட்டி, பார்வையாளர் நேரம் என்ற பெயரில் பெற்றோரை வெளியே நிறுத்திவைத்த மருத்துவர்களையே சங்கடப்படுத்தியது. அதன் பின்னரே பிரிட்டனில் 1959-ஆம் ஆண்டின் பிளாட் குழு அறிக்கை, தாய் குழந்தையுடன் தங்க அனுமதிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-க்குப் பின் நிகழ்ந்த ஆய்வு, நிறுவனங்களிலிருந்து இரண்டு வயதுக்கு முன்பே வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிடத் தேறினர் என்பதை நிறுவிற்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குடும்பச் சூழலிலேயே வளர்க்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகளும் கூறுகின்றன. ஆகவே, குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் போகும் இடமாக இல்லத்தை வடிவமைப்பது, நோயின் துன்பத்தோடு பிரிவின் துன்பத்தையும் சேர்ப்பதாகவே முடியும்.

இதற்கு மாறான ஒரு வடிவத்தை 1982 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் திறக்கப்பட்ட ‘ஹெலன் இல்லம்’ உலகுக்குக் காட்டியது. குழந்தைகளுக்கென்றே அமைந்த உலகின் முதல் ஹாஸ்பிஸ், அதாவது தீராநோயாளருக்கான ஆதரவு இல்லம், அதுவே. மூளைக்கட்டிக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் முற்றிலும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்த ஒரு சிறுமியின் பெற்றோருக்கு, அவ்வப்போது அவளைத் தம்மிடம் வைத்துக்கொண்டு ஓய்வளித்துவந்த சகோதரி ஃபிரான்சஸ் டொமினிகா என்னும் துறவி, அந்த நட்பிலிருந்தே இல்லத்தின் அமைப்பை உருவாக்கினார். எட்டுக் குழந்தைகள் மட்டுமே தங்கக்கூடிய அளவு, வீட்டைப் போன்ற அறைகள், பெற்றோரும் உடன்பிறந்தோரும் தங்க இடம் ஆகியவை அதன் அடிப்படைகள். பெரியவர்களுக்காக சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸில் பெரும்பாலோர் இறுதி வாரங்களில் வந்து சேர்ந்தனர். ஹெலன் இல்லத்திலோ குழந்தைகள் சில நாட்கள் தங்கிவிட்டு வீடு திரும்பினர், பல மாதம் கழித்து மீண்டும் வந்தனர். குடும்பத்துக்கு இளைப்பாறுதல் தரும் இந்தக் குறுகிய காலத் தங்கலே குழந்தைகள் இல்லத்தின் உயிர்நாடி என்பதைப் பின்னர் வந்த இல்லங்கள் பலவும் ஏற்றுக்கொண்டன.

இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் எனக் கருதப்படும் சாந்தி அவேத்னா சதன் 1986-இல் மும்பையில் தோன்றியது; 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி நிவாரண, நோய் ஆதரவுச் சங்கம், படுக்கைகளைப் பெருக்குவதை விடுத்து, அண்டை வீட்டாரையே பயிற்றுவித்து நோயாளியின் வீட்டுக்கு அனுப்பும் வழியை வளர்த்தது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. எனினும் இவை பெரும்பாலும் பெரியவர்களின் புற்றுநோயை மனத்திற்கொண்டு எழுந்தவை.

தமிழ்நாட்டில் நோயுற்ற குழந்தைகளுக்கான உறைவிட இல்லத்தின் வரலாறு வேறொரு நோயிலிருந்து பிறக்கிறது. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபின், அடுத்த பத்தாண்டுகளில் நோய் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லத் தொடங்கிற்று. லாரித் தொழிலின் மையமாகிய நாமக்கல் இதனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கொங்கு நாட்டின் பல ஊர்களில் கணவனும் பின்னர் மனைவியும் இறக்க, தொற்றுள்ள குழந்தை பாட்டியின் மடியில் எஞ்சியது. அக்காலத்தில் மருத்துவமனையில் விட்டுச் செல்லப்பட்ட தொற்றுள்ள குழந்தைகளை ஏற்க அனாதை இல்லங்களும் மறுத்த நிலையில், குழந்தை மருத்துவர் பி.மனோரமா 1990-களின் முற்பகுதியில் சென்னையில் சமுதாய நலக் கல்விச் சங்கம் என்னும் அமைப்பின் வழியே அவர்களுக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். சிகிச்சை பெறாத தொற்றுள்ள குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டாம் பிறந்தநாளைக் காண்பதில்லை என்பதால், அந்நாளில் அத்தகைய இல்லம் செய்யக்கூடியதெல்லாம் பசியும் வலியும் தனிமையும் இல்லாமல் குழந்தையைக் காப்பதுதான்.

பிறகு நிகழ்ந்தது, இக்கட்டுரையின் பொருளில் மிக முக்கியமான பாடம். 2004 ஏப்ரல் முதல் நாளில் எச்.ஐ.வி.க்கான அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை, தாம்பரம் மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் தொடங்கியது. 2006 இறுதியில் குழந்தைகளுக்கேற்ற அளவுகளில் மருந்துகள் வந்தன. அதன் பின் இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் இறக்கவில்லை; வளர்ந்தார்கள். இறுதிக் காலத்துக்கென எழுந்த இல்லங்கள் பள்ளிக் கட்டணம், பருவ வயதின் கேள்விகள், ‘எனக்கு ஏன் தினமும் மாத்திரை?’ என்னும் வினா, பதினெட்டு வயதுக்குப் பின் வேலை ஆகியவற்றை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. கிருஷ்ணகிரி அருகே வளரிளம் பருவத்தினருக்காக அமைந்த சினேககிராம் போன்ற உறைவிடங்கள் இந்த மாற்றத்தின் விளைவே. ஒரு நோயைத் தீராநோய் என்று இன்று முத்திரை குத்தி, அதற்கேற்பக் குழந்தையின் படிப்பையும் விளையாட்டையும் நிறுத்திவைக்கும் எந்த இல்லமும், நாளை புதிய மருந்து வரும்போது அக்குழந்தைக்குத் தீங்கிழைத்ததாகிவிடும். தாயிடமிருந்து தொற்று செல்வதைத் தடுக்கும் சிகிச்சை பரவியதால் எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்கான இல்லங்களின் தேவை குறைந்துவருவது மகிழ்ச்சிக்குரியது.

புற்றுநோயைப் பொறுத்தவரை இல்லத்தின் பணி முற்றிலும் வேறு. குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் கடும் நிணச்செல் இரத்தப் புற்றுநோய், வசதிமிக்க நாடுகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் குணமாகிறது. ஆயின் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்கிறது. முதல் மாதங்களில் மருந்தின் வேகத்தால் வெள்ளணுக்கள் குறைந்து, சாதாரணக் காய்ச்சலே உயிர்க்கொல்லியாகக்கூடும் என்பதால், குழந்தை மருத்துவமனைக்கு அருகிலேயே தூய்மையான இடத்தில் தங்கியாக வேண்டும். வாடகை கொடுக்க வழியில்லாத குடும்பம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் படுக்கிறது, அல்லது சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊர் திரும்புகிறது. இவ்வாறு சிகிச்சையைக் கைவிடுவதே வளரும் நாடுகளில் குணமாகக்கூடிய குழந்தைகள் பலர் இறப்பதற்குரிய காரணங்களுள் முதன்மையானது. 2006-இல் மும்பையில் தொடங்கிச் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்குப் பரவிய புனித ஜூட் இந்தியா குழந்தைப் பராமரிப்பு மையங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை, பொதுச் சமையலறையில் தனி அடுப்பு, மருத்துவமனைக்குப் போக்குவரத்து ஆகியவற்றை இலவசமாக அளிக்கின்றன. தன் பிள்ளைக்குத் தானே சமைத்துக் கொடுக்கும் உரிமையைத் தாயிடமிருந்து பறிக்காத இந்தச் சிறு ஏற்பாடு, பெரிய கொள்கை அறிக்கைகளைவிட ஆழ்ந்த புரிதலைக் காட்டுகிறது.

இனி, இல்லத்தின் உள்ளே நடக்க வேண்டியவை. முதலிடம் வலிக்கு. பச்சிளங்குழந்தைகளுக்கு வலி உணர்வு குறைவு என்னும் நம்பிக்கையால் 1980-கள் வரை மேலைநாடுகளிலேயே மிகக் குறைந்த மயக்க மருந்துடன் அறுவைச் சிகிச்சைகள் நிகழ்ந்தன; இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்த கன்வல்ஜீத் சிங் ஆனந்த் 1987-இல் வெளியிட்ட ஆய்வுகளே அந்நம்பிக்கையை உடைத்தன. பேச வராத குழந்தையின் வலியை முகம், கால், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பெண் இட்டு அறிகின்றனர். கடும் வலிக்கு உரிய மருந்து மார்ஃபின். அதனைக் குழந்தையின் எடைக்கேற்பக் கணக்கிட்டு, பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி மீண்டும் தலைதூக்குமுன் கொடுக்க வேண்டும். சாதாரண மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறம் சிறிது சிறிதாக விடலாம். மெல்ல வெளியாகும் வகை மாத்திரையை மட்டும் ஒருபோதும் பொடிக்கக் கூடாது. மலச்சிக்கல் பெரும்பாலும் நேரும் என்பதால் அதற்கான மருந்தும் முதல் நாளிலிருந்தே சேர்க்கப்படும். இவ்வளவு எளிய மருந்து, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கடும் உரிம விதிகளால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளிலிருந்தே மறைந்துபோயிற்று. 2014-இல் செய்யப்பட்ட திருத்தம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியுடன் அதனை வைத்திருக்க வழி செய்தது. எனினும் அந்த அச்சம் மருத்துவர் மனத்திலிருந்தும் பெற்றோர் மனத்திலிருந்தும் இன்னும் அகலவில்லை. வலி தாங்காது அலறும் குழந்தைக்கு இம்மருந்தை மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அடுத்தது உணவு. மூளை முடக்குவாதமுள்ள குழந்தையைப் படுக்கவைத்து ஊட்டுவது நம் வீடுகளில் பரவலாகக் காணப்படும் பழக்கம். அதனால் உணவு மூச்சுக்குழலில் இறங்கி, அடிக்கடி நிமோனியா காண்கிறது. நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னே சாயாமல் சற்றே முன்னோக்கித் தாங்கி, தண்ணீராக ஓடாமல் கெட்டியாகக் காய்ச்சிய ராகிக் கூழைச் சிறு கரண்டியால் ஊட்டி, ஒரு வாய் விழுங்கியதை உறுதி செய்தபின் மறு வாய் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரமும் ஆகலாம். இதனைத் தாய்க்கும் பாட்டிக்கும் கற்பித்து அனுப்புவதற்காகவே ஒரு வாரத் தங்கலை நியாயப்படுத்தலாம்.

ஆயினும் இல்லத்தின் தரத்தை அளக்கும் உண்மையான அளவுகோல் இரவுதான். பகலில் மருத்துவர் வருகிறார், இயன்முறைப் பயிற்சியாளர் வருகிறார், நன்கொடையாளரும் வந்து பார்க்கிறார். வலிப்பு, மூச்சுத் திணறல், சளி அடைப்பு, காரணம் தெரியாத அழுகை ஆகியவையோ இருட்டியபின்னும் நேர்வன. தாமாகத் திரும்பிப் படுக்க இயலாத குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடாவிட்டால் விடிவதற்குள் தோல் புண்ணாகிவிடக்கூடும். பயிற்சி பெற்ற செவிலியர் இரவு முழுதும் விழித்திருக்கும் இல்லம் எதுவோ, அங்கேதான் தாய் பல மாதங்களுக்குப் பின் முதன்முறையாக உறங்க முடியும். பல இல்லங்களில் இரவுப் பொறுப்பு, குறைந்த ஊதியம் பெறும் உதவியாளர் ஒருவரிடமே விடப்படுகிறது என்பது வருந்தத்தக்க உண்மை.

குழந்தைக்கு எதைச் சொல்வது என்பதில் நம் சமூகத்தின் வழக்கம் மறைத்தலே. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளிடையே பழகி ஆராய்ந்த மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், எவரும் சொல்லாமலே மூன்று வயது முதலான குழந்தைகள் தம் நிலையைப் படிப்படியாக அறிந்துகொள்வதையும், பெரியவர்கள் கலங்கக்கூடாதென அறியாததுபோல் நடிப்பதையும் 1978-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாதிருப்பதும், கேட்கத் துணியும் வகையில் அருகில் ஒருவர் இருப்பதும் போதுமானவை. அண்ணனோ தங்கையோ இருந்தால் அவர்களையும் இதிலிருந்து விலக்கலாகாது.

சட்டத்தின் நிலை தெளிவும் தெளிவின்மையும் கலந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தீராநோயோ உயிர்குடிக்கும் நோயோ உற்று, பார்த்துக்கொள்ள ஆளில்லாத குழந்தையைப் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என வரையறுத்து, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பில் வைக்கிறது; அத்தகைய குழந்தைகளை ஏற்கும் எந்த இல்லமும் பதிவு பெற்றாக வேண்டும். இது நல்ல பாதுகாப்பே. ஆனால் தாயோடு வந்து பத்து நாள் தங்கிச் செல்லும் குழந்தை கைவிடப்பட்டதும் அன்று, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட உள்நோயாளியும் அன்று. அவ்வாறான இல்லம் குழந்தைகள் இல்லமா, மருத்துவ நிறுவனமா என்னும் கேள்விக்குத் தனி விதி வகுக்கப்படுவது நலம். அதுவரை தொண்டு நிறுவனங்கள் இரண்டுக்கும் நடுவே தடுமாறவே செய்யும்.

அரசின் பங்கை மறுக்கவியலாது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நோய் ஆதரவுச் செவிலியரையும் இயன்முறைச் சிகிச்சையாளரையும் வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. தசைச்சிதைவு உள்ளிட்ட கடும் பாதிப்புகளுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் கிடைக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. 2014-இல் உலக சுகாதாரப் பேரவை நோய் ஆதரவுச் சிகிச்சையை எல்லா நாடுகளும் பொதுச் சுகாதாரத்தின் அங்கமாக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. அவ்வழியில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது. எனினும் வீடு தேடி வரும் செவிலியர் அரை மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குச் சென்றாக வேண்டியவர். அவர் சென்றபின் எஞ்சும் நேரத்துக்கும், குறிப்பாக இரவுகளுக்கும், எந்தத் திட்டமும் இன்னும் பதில் சொல்லவில்லை. இக்குறை இங்கு மட்டும் உரியதன்று: லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகள் கடும் துன்பத்துடன் இறக்கின்றனர். அவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கும் மேல் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இவ்வனைத்தையும் நோக்கும்போது, உடுமலை வட்டத்துக்கு வேண்டியது நூறு படுக்கைகள் கொண்ட தனிக் கட்டடம் அன்று. அரசு மருத்துவமனைக்கு நடந்து செல்லும் தூரத்தில், எட்டு முதல் பத்துக் குழந்தைகள் தத்தம் தாயோடோ பாட்டியோடோ தங்கக்கூடிய வீடு ஒன்று. மார்ஃபின் வைத்திருக்க அனுமதி. கோவை மருத்துவர்களோடு தொலைபேசித் தொடர்பு. மலைக் குடியிருப்புகளிலிருந்து வரும் குழந்தைக்கு மழைக்காலம் முழுதும் தங்க இடம். எவருமற்ற குழந்தை வந்தால் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு வளர்ப்புக் குடும்பம் கிடைக்கும்வரை புகலிடம். இதற்கான கட்டடம் கிடைப்பது அரிதன்று. கொங்கு நாட்டில் பள்ளிக்கும் கோயிலுக்கும் திருமண மண்டபத்துக்கும் பெயர் பொறித்து வழங்கும் கொடை மனம் என்றும் வற்றியதில்லை. கல்வெட்டில் இடம்பெறாத செலவுக்குத்தான் கொடை கிடைப்பதில்லை. ஆகவே இவ்வட்டாரத்து ஆலை உரிமையாளர்களும் தோப்பு உரிமையாளர்களும் சங்கங்களும், புதிய கட்டடம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன், இரண்டு இரவுச் செவிலியரின் ஊதியத்தைப் பத்து ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ள முன்வர வேண்டும்.